மகன் எந்த இடத்தில் வில்லனாகிறான்? (மிகுபுனைவு நாவல், பாத்திர அமைப்பு)

#1 பொன்வண்டு

மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல், 90,000 சொல், 30 அத்தியாயம். மலைக்கோட்டை அரசனின் இளைய மகன் 24-ஆம் அத்தியாயத்தில் கோட்டையின் பின்வாசலை எதிரிக்குத் திறந்துவிடுகிறான். காரணமாக வைத்திருப்பவை: 3-இல் அப்பா சபை நடுவே அவனை அறைகிறார். 7-இல் பரம்பரை வாள் அண்ணனுக்குப் போகிறது. 11-இல் அம்மா இறக்கிறாள்.

வரைவைப் படித்த மூவரும் சொன்னது ஒன்றுதான்: "பையனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, ஆனால் இவன் கதவைத் திறப்பான் என்று நம்ப முடியவில்லை." 15-இல் இன்னொரு கொடுமை சேர்த்தால் சரியாகுமா?

#2 சுண்டெலி

அடி ஆச்சு, அவமானம் ஆச்சு, அம்மாவும் போயாச்சு. பாக்கி ஒரு நாய்க்குட்டிதான். அதையும் கொன்னுடுங்க.

சீரியஸாவே சொல்றேன். மூணுமே அவனுக்கு நடந்தது. அவன் செஞ்சது எங்கே? 11-லேருந்து 24 வரைக்கும் பையன் என்னதான் பண்ணிட்டிருந்தான்? மோட்டுவளையைப் பாத்துட்டு இருந்தவன் திடீர்னு எழுந்து போய்க் கதவைத் திறந்தா யாருங்க நம்புவா?

#3 ஒற்றைப்பனை

சுண்டெலி சொல்வது சரி. இதற்கு நம்மிடம் இருக்கும் நல்ல மாதிரி மகாபாரதத்தில் துரோணரின் மகன் அசுவத்தாமன். கர்ணனையே சுற்றிச் சுற்றி எழுதுகிறோம். ஆனால் மகன் கெட்டுப்போகும் வழியை வியாசர் அடியடியாகக் காட்டுவது இவனிடத்தில்தான்.

முதல் வடுவைப் பாருங்கள். பணக்காரப் பிள்ளைகள் பால் குடிப்பதைப் பார்த்து இவன் அழுகிறான். மற்ற பையன்கள் மாவு கரைத்த தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள். பால் குடித்தேன் என்று குழந்தை கூத்தாடுகிறது. இந்தக் கதையை அசுவத்தாமன் சொல்வதில்லை, துரோணர் பீஷ்மரிடம் சொல்கிறார். குழந்தைக்கு அது மகிழ்ச்சியான நாள். அவமானம் முழுக்க அப்பனுடையது. அதைச் சுமந்துகொண்டு துரோணர் துருபதனிடம் போகிறார், அவமதிக்கப்படுகிறார், பிறகு சீடர்களை வைத்துப் பாதி நாட்டைப் பிடுங்குகிறார். துருபதன் பதிலுக்கு வேள்வி செய்து துரோணரைக் கொல்லவென்றே திருட்டத்துய்மனைப் பெறுகிறான். அவன் துரோணர் தலையை அறுக்க, அவனை அசுவத்தாமன் கொல்கிறான். அதாவது, அப்பனின் கடன் பிள்ளைக்குச் சொத்தாக வருகிறது.

இரண்டாவது, துரோணரின் ஓரவஞ்சனை. தண்ணீர் எடுத்துவர மற்றச் சீடர்களுக்கு வாய் குறுகிய கமண்டலம், மகனுக்கு வாய் அகன்ற குடம். முன்னால் திரும்பிவிட்டால் தனியாகப் பாடம். அருச்சுனன் வாருணாத்திரத்தால் கமண்டலத்தை நிரப்பிக்கொண்டு அவனோடு சேர்ந்தே வந்துவிடுகிறான். ஒரு பிள்ளைக்குச் சலுகையும் கொடுத்து, அந்தச் சலுகை போதவில்லை என்று அவன் கண்ணெதிரிலேயே காட்டினால் என்ன ஆகும்? பொன்வண்டு எழுதிய அறையைவிட இது ஆழமாக வெட்டும், ஒரு அடி கூட விழாமல்.

மூன்றாவதுதான் முக்கியம், ஒரு பேரழிவு அத்திரம். பிரம்மசிரசு. அருச்சுனனுக்கு அதை துரோணர் மனம் நிறைந்து கொடுத்தார். பொறாமையில் மகன் கேட்டபோது அரைமனதோடு கொடுத்தார்: எந்த ஆபத்திலும் மனிதர்மேல் விடாதே என்றார், நீ நல்லவர் வழியில் நிற்கமாட்டாய் என்றும் சொன்னார். தெரிந்தே கொடுத்தார்! உங்கள் நாவலில் அப்பா பையனிடமிருந்து பிடுங்குகிறார், பிடுங்குகிறார், பிடுங்கிக்கொண்டே இருக்கிறார். எதைக் கொடுத்தார்?

#4 நெய்தல்

கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொள்கிறேன். டோல்கீனின் சில்மரிலியனில் (1977) மேக்லின். பொன்வண்டின் கதைக்கு ரொம்ப நெருக்கம், அவனும் ஒளித்து வைத்த நகரத்தைக் காட்டிக்கொடுப்பவன்.

அப்பன் ஏயோல், இருட்டுக் காட்டில் வாழும் கொல்லன். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுவரை பெயரே வைக்கவில்லை. அம்மா அரெதெல் மட்டும் மனதுக்குள் ஒரு பெயர் வைத்துக் கூப்பிடுகிறாள். அப்பன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அம்மாவும் மகனும் தாய்மாமன் துர்கோன் ஆளும் கோண்டோலின் நகரத்துக்கு ஓடுகிறார்கள். பின்தொடர்ந்து வந்த ஏயோல் மகன்மேல் எறிந்த எறிவேல் குறுக்கே பாய்ந்த அம்மாமேல் படுகிறது. முனையில் விஷம், இரவே இறந்துபோகிறாள். ஏயோலைப் பாறைமேலிருந்து தள்ளுகிறார்கள். விழுமுன், நீயும் இதே சாவு சாவாய் என்று மகனைச் சபிக்கிறான். மேக்லின் பக்கத்தில் நிற்கிறான், ஒரு வார்த்தை பேசவில்லை.

இத்தனையும் அவனுக்கு நேர்ந்ததுதான், ஆனால் கதை அங்கே முடியவில்லை. நகரத்தில் அவனுக்கு எல்லாம் கிடைக்கிறது. மாமன் மடிமேல் வைக்காத குறை. பெரும்போர் வந்தபோது ஊரைக் காத்துக்கொண்டு இரு என்றால் மறுத்து, மாமன் பக்கத்தில் நின்று அஞ்சாமல் சண்டை போடுகிறான். கோழையே கிடையாது. குறை ஒன்றுதான்: மாமன் மகள் இத்ரில்மேல் ஆசை. நமக்கு முறைப்பெண், அவர்கள் வழக்கத்தில் அவ்வளவு நெருங்கிய உறவில் கல்யாணமே இல்லை. தமிழ் வாசகர் இந்த இடத்தில் ஒரு நொடி தடுக்கி விழுவார். அவளுக்கும் அவனைப் பிடிக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த தூவோர் அவளைக் கட்டுகிறான்.

அப்புறம்தான் துரோகம். மாமன் ஆணையை மீறி மலைக்கு வெளியே தாது தேடிப் போகிறான், எதிரி மோர்கோத்தின் ஆட்களிடம் பிடிபடுகிறான், நகரத்தைக் காட்டிக்கொடுக்கிறான். அந்த உலோக வெறி அப்பன் கற்றுத்தந்த தொழில். பெயர் வைக்காத அப்பன், தொழிலை மட்டும் கைநிறையக் கொடுத்திருக்கிறான். ஒற்றைப்பனை சொன்ன பிரம்மசிரசும் இதுவும் ஒன்றே: பிள்ளையின் கையில் இருக்கும் கருவி அப்பன் கொடுத்தது.

#5 பொன்வண்டு

அப்படியானால் பின்வாசல் சாவி அப்பா கையிலிருந்து வரவேண்டும். இப்போதைய வரைவில் அவன் காவலனிடமிருந்து திருடுகிறான்.

#6 ஏட்டுச்சுவடி

திருட்டை எடுத்துவிடுங்கள். 7-ஆம் அத்தியாயத்திலேயே, வாளை அண்ணனுக்குக் கொடுத்த அதே சடங்கில், இளையவனுக்குப் பின்வாசல் பொறுப்பு. அப்பா அதை அன்போடு கொடுக்கட்டும்: "வாளை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், இதை நம்பிக்கையானவனிடம்தான் கொடுக்க முடியும்." அவர் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். பையன் காதில் மட்டும் அது ஆறுதல் பரிசாக விழட்டும். திருடும் காட்சிக்கு எடுத்துக்கொண்ட பக்கங்கள் அப்படியே மிச்சம்.

#7 சுண்டெலி

எல்லாரும் அப்பன் அப்பன்னே பேசறீங்க. அப்ப இந்திரசித்து? ராவணன் அவன்மேல உயிரையே வெச்சிருந்தான். பேரு இருக்கு, புகழ் இருக்கு, ஒரு வடுவும் கிடையாது. அவன் ஏன் அந்தப் பக்கம்?

#8 ஒற்றைப்பனை

நல்ல இடையீடு. கம்பனில் கடைசிப் போருக்குப் போகுமுன் அவனே தந்தையிடம் சொல்கிறான், சீதைமேல் உள்ள ஆசையை விட்டுவிடு, அவர்கள் சீற்றம் தீரும் என்று. பயந்து சொல்கிறேன் என்று நினைக்காதே என்பதையும் சேர்த்தே சொல்கிறான். ராவணன் கேட்கவில்லை. இவன் தேரேறிப் போய்ச் சாகிறான். அவன் எதிர்ப்பக்கத்து வீரன், அவ்வளவுதான். வடு வேண்டியதில்லை, விசுவாசம் போதும். அந்த மகனைப் பார்த்து நாம் "ஐயோ" என்போம். அசுவத்தாமனைப் பார்த்து "சீ" என்போம். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கேட்டால்தான் குழப்பம்.

"சீ" வருவதற்குக் காரணம், அவன் முன்னால் கதவுகள் திறந்திருந்தன. மகாபாரதத்தின் சௌப்திக பருவத்தில் எண்ணிப் பாருங்கள். ஆந்தை தூங்கும் காக்கைகளைக் கொல்வதைப் பார்த்து, பாண்டவர் பாசறையில் தூங்குபவர்களை இரவிலேயே கொல்லும் யோசனை அசுவத்தாமனுக்குப் பிறக்கிறது. கிருபர் மூன்று வழி சொல்கிறார்: திருதராட்டிரன், காந்தாரி, விதுரனைக் கேட்போம், இன்றிரவு தூங்கி நாளை மூவரும் சேர்ந்து நேராகப் போரிடுவோம், தூங்குபவனைக் கொல்வது அறமில்லை. மூன்றையும் தள்ளுகிறான். தந்தையைக் கொன்றவர்களைக் கொன்றுவிட்டுப் புழுவாகவோ விட்டிலாகவோ பிறந்தாலும் சரி என்கிறான். தெரிந்துதான் போகிறான். பாசறை வாசலில் ஒரு பூதம் நின்று அவன் ஆயுதங்களையெல்லாம் விழுங்குகிறது. கிருபர் சொன்னதைக் கேட்டிருக்கலாமே என்று அங்கே நினைக்கவும் செய்கிறான். அப்படியும் திரும்பவில்லை.

சொன்னவர் மாமன் கிருபர், அவனுக்கு வேண்டியவர். எதிரி வந்து உபதேசம் செய்திருந்தால் அவன் மறுப்பதில் நமக்கு ஒன்றும் உறைக்காது.

#9 கடலோடி

இதே கணக்கை மார்ட்டினின் எ கிளாஷ் ஆஃப் கிங்ஸ் (1998) தியோனிடத்திலும் போட்டுப் பார்க்கலாம். சிறுவயதில் பிணையாகப் பிடித்துப்போன பிள்ளை, வளர்ந்து அப்பன் வீட்டுக்கு வருகிறான். கழுத்துச் சங்கிலியைப் பார்த்து அப்பன் கேட்பது ஒரே கேள்வி: இதைப் பொன் கொடுத்து வாங்கினாயா, இரும்பு கொடுத்து வாங்கினாயா? பொன் என்றதும் பிடுங்கி எறிகிறார். அக்காவுக்கு முப்பது கப்பல், இவனுக்கு எட்டு. அறை இல்லை, உதை இல்லை. முப்பது, எட்டு என்ற இரண்டு எண் போதும்.

ஆனால் தன்னை வளர்த்த வீட்டைப் பிடிக்கச் சொல்லி யாரும் அவனிடம் சொல்லவில்லை. அது அவனே கண்டுபிடித்த வழி. பிடித்தபின் உள்ளே இருந்த சிறுவர்கள் தப்பிவிட, அந்த மானக்கேட்டை மறைக்க மாவரைப்பவனின் இரண்டு பிள்ளைகளைக் கொன்று இவர்கள்தான் அவர்கள் என்று காட்டுகிறான். பழியுணர்ச்சியில் செய்ததில்லை அது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற ஒரு கொலை. அக்கா வந்து என்னோடு வந்துவிடு என்கிறாள். மாட்டேன் என்கிறான். பொன்வண்டின் 11-க்கும் 24-க்கும் நடுவே இதுதான் காணாமல் போயிருக்கிறது.

#10 ஏட்டுச்சுவடி

இதையெல்லாம் வரைவில் எப்படி இறக்குவது என்று சொல்கிறேன்.

15-இல் புதுக் கொடுமை வேண்டாம். அம்மா சாவையும் 11-இலிருந்து எடுத்து, கதை தொடங்கும் முன்பே நடந்ததாக இரண்டு வரியில் முடியுங்கள். வடுக் காட்சி மொத்தம் இரண்டு போதும், ஒவ்வொன்றும் 1,000 சொல்லுக்குள். அதற்கு மேல் போனால் வாசகர் அவனுக்கு வக்கீலாகிவிடுவார். அப்புறம் எந்தத் தப்பும் தப்பாகத் தெரியாது.

காலியான இடத்தில் அவன் செய்யும் நான்கு காரியம். 9-இல் சின்னது: எல்லைக் காவலின் சேதியை அப்பாவிடம் ஒரு நாள் தாமதித்துச் சொல்கிறான், அண்ணன் ஒரு முறையாவது தோற்கட்டும் என்று. 13-இல் அந்தத் தாமதத்தால் அவனுக்கு லாபம்: சபையில் முதல் தடவை அவன் பேச்சு எடுபடுகிறது. 17-இல் தாமதத்துக்காக வேறொருவன், ஒரு தூதுவன், தண்டிக்கப்படுகிறான். இவன் வாய் திறக்கவில்லை. மேக்லின் பாறைமேல் நின்ற மாதிரி. 20-இல் தூதுவனின் மனைவிக்கு உண்மை தெரிந்துபோகிறது. இங்கிருந்து அவனுக்குத் திரும்பிப் போகச் செலவு அதிகம், மேலே போகச் செலவு குறைவு. செலவு என்றால் இழப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள்: 9-இல் உண்மையைச் சொன்னால் ஒரு திட்டு, 17-இல் சொன்னால் பதவி, 20-இல் சொன்னால் தலை. இந்த ஏற்றம் வாசகருக்குத் தெரியவேண்டும்.

எதிரியின் ஆசைவார்த்தை 21-க்கு முன் வரவே கூடாது. முன்னால் வந்தால் இது லஞ்சக் கதை. மேக்லினிடம் மோர்கோத் பேரம் பேசுவது எல்லாம் பழுத்தபிறகுதான்.

24-இல் அவன் மனதுக்குள் ஓடும் காரணங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். "அப்பா என்னை ஒருநாளும்..." என்று தொடங்கும் வாக்கியம் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. அந்த நேரத்தில் அவன் நினைக்கவேண்டியது கீலுக்கு எண்ணெய் போட்டோமா, காவல் மாறும் சாமம் எது, தாழ்ப்பாள் துரு சத்தம் போடுமா. கை வேலையில் இருக்கும்போது காரணம் வாசகர் மனதில் தானாக ஓடும்.

#11 நெய்தல்

ஒன்று சேர்க்கலாம். சபிக்கப்பட்ட மோதிரம், இருட்டுத் தெய்வம், கனவில் வரும் குரல் ஏதாவது வரைவில் இருக்கிறதா? இருந்தால் அது அவன் ஏற்கெனவே விரும்பியதைப் பெரிதாக்க மட்டும் செய்யட்டும். புது விருப்பத்தை உள்ளே போட்டால் கதவைத் திறந்தது மோதிரம், அவன் இல்லை.

#12 பொன்வண்டு

மோதிரம் இல்லை. ஆனால் பிறக்கும்போதே "இவனால் கோட்டை விழும்" என்று ஒரு கணிப்பு இருக்கிறது. அப்பா வெறுக்க அதுதான் காரணம்.

#13 நெய்தல்

ஆர்தர் அரசன் கதையில் அவர் மகன் மோர்ட்ரெட் பாடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். மாலரியின் நூலில் (காக்ஸ்டன் அச்சிட்டது 1485) மே முதல் நாள் பிறக்கும் பிள்ளையால் அழிவு என்று மந்திரவாதி மெர்லின் சொல்ல, ஆர்தர் அந்த நாளில் பிறந்த குழந்தைகளையெல்லாம் கப்பலில் ஏற்றிக் கடலில் விடுகிறார். கப்பல் உடைகிறது, மோர்ட்ரெட் பிழைக்கிறான். எவ்வளவு பெரிய காரணம்! ஆனால் பிற்பாடு அவன் அரியணைமேல் பாயும்போது மாலரி அதைத் தொடவே இல்லை. கணிப்பு தானாகப் பலித்துப் போகிறது. பிற்கால எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப அந்த ஓட்டையை அடைக்க வருவது அதனால்தான் என்பது என் எண்ணம்.

கணிப்பை வைக்கிறீர்கள் என்றால் பையனுக்கு அது எப்போது, யார் வாயால் தெரிகிறது என்று ஒரு காட்சி வேண்டும். இல்லாவிட்டால் நீக்குங்கள். என்னைக் கேட்டால் நீக்குங்கள்.

#14 சுண்டெலி

நீக்குங்க. கணிப்பு இருந்தா அப்பனுக்கும் சாக்கு, பையனுக்கும் சாக்கு, எழுதறவங்களுக்கும் சாக்கு.

எனக்கு இன்னொண்ணு உறுத்துது. அறை விழுந்தது நிஜமாவே அவ்ளோ பெரிய விஷயமா, இல்ல அவன் மனசுல பெருசாச்சா?

#15 ஒற்றைப்பனை

அருமையான கேள்வி, இதற்கு சபா பருவத்தில் ஒரு பாடம் இருக்கிறது. மயன் மண்டபத்தில் தரையென்று நினைத்துத் துரியோதனன் தண்ணீரில் விழுகிறான். கதைசொல்லி அந்த இடத்தைச் சொல்லும்போது சிரிப்பவர்கள் பீமன், பணியாட்கள், அருச்சுனன், இரட்டையர். பிறகு துரியோதனன் அதே நிகழ்ச்சியைத் தந்தையிடம் சொல்கிறான். அவன் வாயில் கண்ணனும் சிரிக்கிறான், திரௌபதியும் மற்றப் பெண்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். வழியிலேயே பட்டியல் நீண்டுவிட்டது. நம் ஊர்க் கூத்திலும் சினிமாவிலும் திரௌபதி சிரிப்பு மட்டும் நிலைத்துவிட்டதைப் பார்த்தால், அவன் சொன்ன பதிப்புதான் ஜெயித்தது என்று வேடிக்கையாகத் தோன்றும்.

பொன்வண்டு இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 3-இல் அறை விழும்போது சபையில் ஏழு பேர், யாரும் சிரிக்கவில்லை, ஒரு கிழவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். 13-இல் அவன் அதை இன்னொருவரிடம் சொல்லும்போது சபை நிறைந்திருந்தது, அண்ணன் சிரித்தான். 21-இல் எதிரியிடம் சொல்லும்போது ஊரே சிரித்தது. எங்கும் விளக்க வேண்டாம். கவனிப்பவர் கவனிக்கட்டும்.

#16 கடலோடி

அண்ணனை நல்லவனாக விடுங்கள் அப்போதுதான் இது எடுபடும். அண்ணனும் கொடியவன் என்றால் 21-இல் சொல்வது பொய்யாகத் தெரியாது.

#17 ஏட்டுச்சுவடி

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கதவு திறந்தபின் யார் சாகிறார்கள்? வரைவில் "படை உள்ளே புகுந்தது" என்று ஒரு பத்திதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். வியாசர் அங்கே கையை விலக்குவதில்லை. திருட்டத்துய்மன் தூக்கத்திலிருந்து எழக்கூட விடாமல் உதைபடுகிறான். ஆயுதத்தால் கொல் என்று கெஞ்சுகிறான், அதுவும் மறுக்கப்படுகிறது. அவன் துரோணரைக் கொன்றவன். பழி நியாயம் என்று அதுவரை நினைத்திருந்தவரும் அங்கே தடுமாறிப்போவார். அதற்கடுத்து திரௌபதியின் ஐந்து பிள்ளைகள். அவர்கள் துரோணருக்கு ஒன்றும் செய்யவில்லை. பழி எங்கே முடிகிறது, வில்லத்தனம் எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், அந்தக் கூடாரத்துக்கும் அடுத்த கூடாரத்துக்கும் நடுவில் உள்ள தூரம்தான்.

பின்வாசலில் நிற்கும் காவலனுக்கு ஒரு பெயர் வையுங்கள். 5-இல் ஒரு தடவை, 14-இல் ஒரு தடவை வரட்டும். பையனிடம் அன்பாக இருக்கட்டும், 22-இல் "தம்பி, முகமே சரியில்லையே, அப்பாகிட்ட நான் வேணா பேசட்டுமா?" என்று கேட்கட்டும். அதுதான் கடைசிக் கதவு. கேட்டவர் அவர், முதலில் விழுபவரும் அவர்.

#18 பொன்வண்டு

கணிப்பை நீக்கிவிட்டேன். அம்மா சாவு முன்கதைக்குப் போயிற்று. சாவி 7-இல் அப்பா கையால். காவலர் பெயர் மாசி. 5-இல் பையனுக்குக் கம்பங்கூழ் கொடுக்கிறார். சேதித் தாமதம் 9-இல், தூதுவன் தண்டனை 17-இல். இரண்டு இடம் இடிக்கிறது. ஒன்று, அப்பா அன்போடு சாவி கொடுத்தால் 3-இல் ஏன் அறைகிறார்? இரண்டு, இரவில் பின்வாசலில் காவல் நாய்கள் உண்டு என்று 2-ஆம் அத்தியாயத்தில் எழுதிவிட்டேன், அவை குரைக்காதா?

#19 ஏட்டுச்சுவடி

முதலாவதுக்கு: அறைக்கு ஒரு நியாயமான காரணம் கொடுங்கள். அண்டை நாட்டுத் தூதர் முன்னால் பையன் கோட்டைத் தண்ணீர் இருப்பு எவ்வளவு என்று உளறிவிடுகிறான். அப்பா பயத்தில் அறைகிறார். வாயைக் காக்கத் தெரியாதவன் என்று அறைந்தவரே 7-இல் ரகசிய வாசலைக் கொடுக்கிறார். அவரளவில் அது மன்னிப்பு. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் அவர் செய்த பிழை.

#20 சுண்டெலி

நாய் குரைக்காது. குட்டியிலேருந்து அவன் கையால சோறு தின்ன நாய், வாலை ஆட்டிட்டு கூடவே வாசல் வரைக்கும் வரும். எனக்கு ஒரு நாய்க்குட்டி பாக்கின்னு அப்பவே சொன்னேன். கொல்லாதீங்க, 2-லயே அவன் அதுக்குச் சோறு வெக்கறதை மட்டும் ஒரு வரி எழுதிடுங்க.